கன்னி மூலைத் தொட்டியின் நிழல்

தி.நகரில் ஒரு துணிக்கடையின் இரண்டாவது மாடியில் பில் போடுகிற வேலை எனக்கு. பட்டுச்சேலைப் பிரிவு. முகூர்த்தத்துக்குச் சேலை எடுக்க வருகிற பெண்கள் அரை மணி நேரத்தில் முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துப் போர்த்திக்கொள்வார்கள், அங்கே அப்படி ஒரு குளிர். இருபது வருஷமாக அந்தக் குளிரில் உட்கார்ந்து கால் மரத்துப்போனவள் நான். எட்டரைக்குக் கடையை விட்டு இறங்கி, ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் நெருக்கியடித்து, மாம்பலம் ஸ்டேஷன் நடைபாலம் ஏறி இறங்கினால் மேற்கு மாம்பலம். பத்து நிமிஷ நடைதான். அதற்குள் ஐஸ் பெட்டியிலிருந்து இட்லிக் கொப்பரைக்கு வந்து சேர்ந்துவிடுவேன்.

எங்கள் வீடு மாடி வீடு. தலைக்கு மேலே மொட்டை மாடி. பகல் முழுக்க வாங்கின வெயிலை அந்தத் தளம் பத்திரமாக வைத்திருந்து, நான் வருகிற நேரம் பார்த்து இறக்கும். அதோடு போனாலும் பரவாயில்லை. எனக்கு ஐம்பத்தொன்று, மாதவிலக்கு நிற்கிற வயது. கழுத்துக்குக் கீழிருந்து ஒரு சூடு கிளம்பிக் காது வரை ஏறும். ஐந்தே நிமிஷத்தில் ரவிக்கை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு நாளைக்கு ஆறு தடவை, ஏழு தடவை. எத்தனை நாளைக்கு இப்படி என்று டாக்டரிடம் கேட்டேன். "சிலருக்கு ரெண்டு வருஷம், சிலருக்குப் பத்து வருஷம்மா" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சொல்கிறவருக்கு வாயா வலிக்கப்போகிறது.

என் சம்பளத்தில் ஒரு ஏசி வாங்கிப் படுக்கையறையில் மாட்டினேன். அன்றைக்கு ஆரம்பித்தது மீட்டர் கதை. என் வீட்டுக்காரருக்கு நாலு வருஷத்துக்கு முன்னால் நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். அதற்குப் பிறகு வேலைக்குப் போகவில்லை. மகள் கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள். வீட்டில் தனியாக இருக்கிற மனுஷனுக்குப் பொழுது போக வேண்டாமா? காலையில் பல் தேய்த்ததும் படிக்கட்டுக்குக் கீழே போய் மீட்டரைப் பார்த்து, எண்ணைத் தினசரிக் காலண்டர் தாளில் எழுதுவார். "நேத்து பதினாலு யூனிட்" என்று காபியோடு சேர்த்துச் சொல்வார். திட்டமாட்டார். திட்டினாலாவது நானும் பதிலுக்குத் திட்டலாம். வெறும் எண்ணை மட்டும் சொல்லிவிட்டு டம்ளரை ஆற்றிக்கொண்டிருப்பார். அந்த எண் நாள் முழுக்க என் மண்டைக்குள் ஓடும்.

இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை கரண்ட் கணக்கு எடுக்க வருவார்கள். யூனிட் கூடக் கூட ஒவ்வொரு யூனிட்டின் விலையும் கூடும். ஏழாயிரம் வந்தது, ஒரு கோடையில் எட்டாயிரத்தையும் தாண்டியது. பதினெட்டாயிரம் சம்பளம் வாங்குகிறவளுக்கு அது என்ன கணக்கு என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அறை கொஞ்சம் குளிர்ந்ததும் அவரே எழுந்து ஏசியை அணைத்துவிடுவார். பாதி வேர்வை காய்ந்த நிலையில் மீதி வேர்வை ஆரம்பிக்கும். ஒரு முழு ராத்திரி, யாரும் எண்ணாமல், யாரும் எழுந்து அணைக்காமல் தூங்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

சோலார் பேனல் போடலாம் என்ற யோசனை என்னுடையது. நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், என்னுடையது. கடைக்கு வந்த ஒரு வாடிக்கையாளர் அம்மா, வீட்டுக்குப் பேனல் போட்ட பிறகு கரண்ட் பில் நூறு ரூபாய்கூட வருவதில்லை என்று பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பில் போடுகிற கையை நிறுத்திவிட்டு, எந்தக் கம்பெனி, எவ்வளவு ஆயிற்று என்று விசாரித்தேன். அடுத்த செவ்வாய்க்கிழமை, என் வார விடுமுறை அன்று, கம்பெனியிலிருந்து ஒருவர் சட்டையை இன் செய்துகொண்டு வந்து கூடத்தில் உட்கார்ந்தார்.

"மேடம், பகல்ல நீங்க தயார் பண்ற கரண்ட்டு லைனுக்குப் போகும். ராத்திரி நீங்க எடுக்கறதுல அதைக் கழிச்சுக்குவாங்க. நீங்க ராஜா மாதிரி ஏசி போட்டுக்கலாம்" என்றார்.

"கரண்ட் போனா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"பேட்டரி இல்லாம போடறோம் சார். லைன் போனா இதுவும் நின்னுடும். பேட்டரி வெச்சா இன்னும் ஒரு லட்சத்துக்கு மேல ஆகும்."

பேட்டரி இல்லாமலே இரண்டு லட்சத்துப் பத்தாயிரம். அரசாங்க மானியம் பின்னால் வந்து சேரும், முதலில் முழுப் பணத்தையும் நாம்தான் கட்ட வேண்டும். கம்பெனிக்காரர் கால்குலேட்டரைத் தட்டித் தட்டிக் காட்டினார். கரண்ட் பில்லில் மிச்சமாகிற பணமே கடனையும் வட்டியையும் அடைத்துவிடும், ஐந்து வருஷத்தில் பேனல் சும்மா, அதற்கப்புறம் இருபது வருஷம் வெயில் நமக்கு வேலைக்காரன். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

"அகலக் கால் வைக்காதம்மா" என்றார் வீட்டுக்காரர், கம்பெனிக்காரர் போன பிறகு.

"கால் என்னோடது. நான் வெச்சுக்கறேன்" என்றேன். சீட்டு எடுத்த பணம் கொஞ்சம் இருந்தது. மீதிக்கு என் வளையல்கள் ஆறையும் கழற்றி அடகு வைத்தேன். மானியம் வந்ததும் சீட்டுக்குக் கட்ட வேண்டியதைக் கட்டிவிடலாம், வளையலைப் பிறகு மெதுவாக மீட்கலாம் என்று கணக்கு. அடகுக் கடையிலிருந்து வெளியே வந்தபோது கை லேசாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, பொய் சொல்வானேன்.

மொட்டை மாடி எங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. கீழ் வீட்டில் என் ஓரகத்தி இருக்கிறார், என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. அவரைக் கேட்காமல் மாடியில் ஒரு கொடிக்கயிறுகூடக் கட்ட முடியாது. போய்க் கேட்டேன்.

"போட்டுக்கோ. எனக்கென்ன. தொட்டிப் பக்கம் மட்டும் போகாதே" என்றார்.

தொட்டிக்கு ஒரு கதை இருக்கிறது. முன்பு எங்கள் தண்ணீர்த் தொட்டி வடகிழக்கில், ஈசானிய மூலையில் இருந்தது. மூத்தவர், அதாவது ஓரகத்தியின் கணவர், வைத்தது. அந்த மூலையில்தான் அடியில் நல்ல தூண் இருக்கிறது என்று கொத்தனார் சொல்லி வைத்தார். மறு வருஷம், ஒரு நாள் குளித்துவிட்டு வந்து தலை துவட்டிக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஐம்பத்துமூன்று வயது. துக்கத்துக்கு வந்த உறவுக்காரர் ஒருவர் வாஸ்து பார்க்கிறவரைக் கூட்டிவந்தார். அந்த மனுஷன் உள்ளேகூட வரவில்லை. தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தே சொல்லிவிட்டார். "ஈசானியத்துல பாரத்தை ஏத்தி வெச்சிருக்கீங்களே. குடும்பத் தலைவனைக் கொண்டுபோகாம வேற யாரைக் கொண்டுபோகும்?"

கருமாதி முடிந்த இரண்டாம் வாரம் என் வீட்டுக்காரர் ஆள் விட்டு அந்த மேடையை இடித்தார். தென்மேற்கில், கன்னி மூலையில், ஆள் உயரத்துக்குத் தூண் எழுப்பி, வீட்டிலேயே உயரமான இடமாக அது இருக்க வேண்டும் என்று சாஸ்திரம் சொன்னபடி தொட்டியை ஏற்றினார். நான் சும்மா இருந்தேனா? "தண்ணித் தொட்டிக்கு ஆளைக் கொல்லத் தெரியும்னா ஊர்ல ஒருத்தன் மிஞ்சுவானா?" என்று நாலு பேர் நடுவில் கேட்டேன். ஓரகத்தி ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. அது நடந்து பதினோரு வருஷமாகிறது. பேச்சு திரும்பி வந்தது, ஆனால் அந்த வார்த்தையை அவர் மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

கம்பெனிக்காரர்கள் அளவெடுக்க வந்தது கத்திரி வெயிலில். சாயங்காலம் நாலு மணிக்கு டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கிழக்கில் பக்கத்து அடுக்குமாடியின் நிழல் காலை பத்து மணி வரை விழும் என்பதால் அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு, நடுவிலிருந்து மேற்காக ஆறு பேனல் வைக்கலாம் என்று முடிவு செய்தார்கள். தொட்டியின் நிழல் தெருப்பக்கத்துக் கைப்பிடிச் சுவரை ஒட்டி, யாருக்கும் தொந்தரவில்லாமல் நீளமாகக் கிடந்தது. "பேனல் வர்ற எடத்துல ஒரு பொட்டு நிழல் இல்ல மேடம், சூப்பர் மாடி" என்றார் ஒருவர். என் மாடியை யாரும் அதுவரை பாராட்டியதில்லை. மோர் கொடுத்தேன்.

ஆனியில் வேலை முடிந்தது. புது மீட்டர் மாட்டினார்கள். முதல் இரண்டு மாத பில் இருநூற்றுச் சொச்சம். அந்தத் தாளை மூன்று தடவை படித்தேன். ஆடி, ஆவணி முழுக்க நான் மகாராணி. ஏசியை இருபத்துநாலில் வைத்துவிட்டுப் போர்வை போர்த்தித் தூங்கினேன். சூடு கிளம்பினாலும் கிளம்பின வேகத்தில் அடங்கியது. வீட்டுக்காரர் காலண்டரில் எழுதுவதை விட்டுவிட்டுப் போனில் பார்க்க ஆரம்பித்தார். இன்றைக்கு எத்தனை யூனிட் தயாரானது என்று அதில் கோடு போட்டுக் காட்டும். "இன்னிக்குப் பதிமூணு" என்பார், பரீட்சையில் பிள்ளை மார்க் வாங்கினது போல. காக்கை எச்சம் விழுந்தால் பேனல் பாழ் என்று, கடைக்குக் கிளம்பும் முன் நான் வாளியும் துணியுமாக ஏறித் துடைத்துவிட்டு வருவேன். அப்போதெல்லாம் கீழே ஓரகத்தி வாசலில் நின்று, "சூரிய நமஸ்காரம் ஆச்சா?" என்று கேட்பார். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன்.

ஐப்பசியில் எண்ணிக்கை விழுந்தது. மழைக்காலம், விழத்தான் செய்யும் என்றார்கள். கார்த்திகைக் கடைசியில் வானம் துடைத்துவிட்டது போல் இருந்தது. எண்ணிக்கை ஏறவில்லை. போனில் இருந்த கோடு காலையில் ஒழுங்காக ஏறி, ஒன்றரை மணிக்குக் கத்தியால் வெட்டினது போல் கீழே விழுந்தது. தினமும் அதே நேரம். ஒரு செவ்வாய்க்கிழமை சாப்பிட்டுவிட்டு மாடிக்கு ஏறினேன். தொட்டியின் நிழல் முதல் பேனலின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. மூன்று மணிக்குப் போய்ப் பார்த்தேன். இரண்டு பேனலைப் பிடித்திருந்தது.

கம்பெனியிலிருந்து வந்தவர் தலையைச் சொறிந்தார். "மே மாசம் சூரியன் வடக்கால இருந்துச்சு மேடம். இப்ப தெக்கால போயிடுச்சு. அதான் நிழல் இந்தப் பக்கம் திரும்பிடுச்சு."

"ரெண்டு பேனல் போனா மீதி நாலு இருக்குல்ல?"

"எல்லாம் ஒரே வரிசையில கோத்தது மேடம். கோயில்ல சீரியல் பல்பு போடுவாங்கல்ல, அது மாதிரி. ஒண்ணு படுத்தா மத்ததையும் சேர்த்து இழுக்கும்."

எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. வேனலில் வந்து அளவெடுத்தவர்கள் மேல் படலாம். ஆனால் தை பிறந்தால் சூரியன் வடக்கே திரும்புகிறது என்று வருஷா வருஷம் வாசலில் பொங்கல் வைத்து, கரும்பைச் சாய்த்து, சூரியனுக்குக் கற்பூரம் காட்டுகிறவள் நான். தட்சிணாயனம், உத்தராயணம் என்று காலண்டரில் தினமும் போட்டிருக்கிறது. அந்தத் தாளில் என் வீட்டுக்காரர் யூனிட் எழுதினார். சூரியன் நகரும் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நிழலும் கூடவே நகரும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அது இதுதான்.

வழி கேட்டேன். ஒவ்வொரு பேனலுக்கும் தனித்தனிக் கருவி மாட்டலாம், நாற்பதாயிரம் ஆகும். இரும்புச் சட்டம் எழுப்பிப் பேனலைத் தொட்டிக்கு மேலே தூக்கலாம், எழுபதாயிரத்துக்குக் குறையாது. மூன்றாவது வழி, தொட்டியை நகர்த்துவது. பன்னிரண்டாயிரத்தில் முடிந்துவிடும். மேடையைக் குட்டையாக்கிப் பயனில்லை. நிழல் அப்போதும் விழும், குழாயில்தான் தண்ணீர் வராது. நகர்த்துவதென்றால் தண்ணீரோடு ஒரு டன்னுக்கு மேல் கனம், அடியில் தூண் வேண்டும். ஒரு மூலையில் படிக்கட்டு அறை, இன்னொரு மூலை பின்னால் தூணில்லாமல் இழுத்துக் கட்டின பால்கனி. மிச்சம் இருந்தது ஒரே ஒரு மூலை, ஈசானியம்.

அந்த இரண்டு மாத பில் மூவாயிரத்து எழுநூறு வந்தது. அதே வாரம் அடகு வட்டியும் கட்ட வேண்டியிருந்தது. மானியம் வந்து சீட்டில் போய்விட்டது. கரண்டுக்கும் கட்டினேன், கரண்டுக்குக் கட்டாமல் இருப்பதற்கும் கட்டினேன். ஏசியை நிறுத்தினேன். இந்தத் தடவை நானே நிறுத்தினேன், யாரும் சொல்லவில்லை. பங்குனி வந்தால் நிழல் தானாக விலகிவிடும் என்றார் வீட்டுக்காரர். விலகும், அடுத்த ஐப்பசியில் திரும்பி வரும். அரை வருஷச் சம்பாத்தியத்தில் முழு வருஷ வட்டி அடையாது. வளையலை மீட்க முடியாது, பேனலைக் கழற்றி விற்றால் பாதி விலைக்கும் போகாது, வீட்டை விட்டுக் குளிர்ச்சியான இடம் பார்த்து வாடகைக்குப் போகலாம் என்றால் பேனலைத் தலையில் சுமந்துகொண்டா போவது? ஆப்பைப் பிடுங்கின குரங்கு மாதிரி வால் மாட்டிக்கொண்டது. பிடுங்கினதும் நான்தான்.

தை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை கீழே இறங்கிப் போனேன். ஓரகத்தி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் இரண்டு கொத்து எடுத்துக்கொண்டு, நிழல் விஷயத்தை மெதுவாகச் சொன்னேன். முழுக்கக் கேட்டார்.

"உனக்கு வேர்க்குதுன்னு என் வீட்டுத் தொட்டியை இடிக்கணுமா?" என்றார்.

"இடிக்கலைக்கா. மாத்தி வைக்கறோம்."

"எங்கே?"

நான் சொல்லவில்லை. அவருக்கே தெரிந்துவிட்டது. கீரையை முறத்தில் போட்டுவிட்டு நிமிர்ந்தார். "அந்த மூலையிலயா? உனக்கு நெஞ்சுல ஈரம் இருக்காடி?"

எனக்கு அந்த நேரம் பார்த்துச் சூடு கிளம்பியது. காது எரிந்தது, கண்ணுக்குள் வேர்வை இறங்கியது. அந்த நேரத்தில் என் வாய் என் பேச்சைக் கேட்பதில்லை. "அத்தான் போய்ப் பதினோரு வருஷமாச்சுக்கா. இனிமே அந்தத் தொட்டி உங்க வீட்டுல யாரைக் கொண்டுபோகப் போகுது?" என்றேன்.

சொன்ன பிறகு நாக்கைக் கடித்து என்ன பயன். அவர் அழவில்லை, கத்தவில்லை. கீரைக் காம்புகளை ஒன்றுசேர்த்து முறத்தின் ஓரத்துக்குத் தள்ளினார்.

"என் வீட்டுல யாரும் இல்லதான். மேல் வீட்டுல ஒருத்தர் இருக்காரே" என்றார்.

"இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் படியேறி வந்துவிட்டேன். என் மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் மனசு மாறவில்லை. கோபம் இன்னும் கூடியது.

நடந்ததை வீட்டுக்காரரிடம் சொன்னேன். அண்ணன் கருமாதி முடிந்த கையோடு ஆள் விட்டுத் தொட்டியை மாற்றினவர் அவர், என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு துண்டை எடுத்து நீட்டினார்.

"மாத்திடு" என்றார்.

"பயமா இல்லையா உங்களுக்கு?"

"எனக்கு நெஞ்சுவலி வந்தப்போ தொட்டி கன்னி மூலையிலதானே இருந்துச்சு? அது என்னத்தக் காப்பாத்துச்சு. நீ படற பாட்டைத் தினமும் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க முடியலம்மா."

பதினோரு வருஷமாக நான் பேசின வாதத்தை ஒரே வரியில் முடித்துக் கொடுத்துவிட்டார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. அன்றைக்கே சைதாப்பேட்டையிலிருந்து வழக்கமாக வருகிற பிளம்பருக்குப் போன் செய்தேன். முன்பணமாக மூவாயிரம் கொடுத்தேன். அவர் ஈசானிய மூலையில் செங்கல்லும் சிமெண்டும் கொண்டுவந்து இறக்கினார். வேலையை என் விடுமுறை நாளில் வைத்துக்கொண்டோம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் பிளம்பர் ஏறி வந்து தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "யக்கா, தண்ணி ஃபுல்லா கீது. மொதல்ல அத்தக் காலி பண்ணணும். அப்பால பைப்ப வெட்டிக்கினு போனா சாய்ங்காலத்துக்குள்ள மேடை எயுப்பிடலாம்" என்றார்.

"கீழ் வீட்டுக்கு ரெண்டு குடம் புடிச்சு வெச்சுட்டீங்களா?"

"வெச்சாச்சுக்கா. அந்தம்மா ஒண்ணும் பேசல."

அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே படியில் காலடிச் சத்தம் கேட்டது. முன்னால் என் வீட்டுக்காரர் வந்தார். அவர் பின்னால், சுவரைப் பிடித்துப் பிடித்து, முழங்கால் வலியோடு ஓரகத்தி. மாடிக்கு வந்து எத்தனையோ வருஷமாகிவிட்ட மனுஷி. தடுக்கத்தான் வருகிறார் என்று நான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு தயாராக நின்றேன்.

அவர் தொட்டியைப் பார்த்தார். ஈசானிய மூலையில் அடுக்கியிருந்த செங்கல்லைப் பார்த்தார். படிக்கட்டு அறையின் வாசற்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"சண்டை போட வரலை" என்றார். "அன்னிக்கு நீ சொன்னதை யோசிச்சுப் பாத்தேன். சரிதான். எங்கிட்டேருந்து எடுத்துக்கிட்டுப் போறதுக்கு இனிமே ஒண்ணும் இல்ல. அதனால வேண்டாம்னு சொல்ற உரிமையும் எனக்கு இல்ல. இருக்கறது உன் புருஷன். நீயே சொல்லு, மாத்தணுமா வேண்டாமான்னு."

அதில் குத்தல் இல்லை. குத்தல் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

"யக்கா, தண்ணியத் தொறந்து வுடட்டா?" என்று பிளம்பர் கேட்டார். அவர் கை வால்வின் மேல் இருந்தது.

என் வீட்டுக்காரர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். படியேறினால் அவருக்கு இரைக்கும், இடது கையை மார்போடு சேர்த்து வைத்துக்கொள்வார். நாலு வருஷமாகப் பார்க்கிறேன், புதிதாக ஒன்றும் இல்லை. அன்றைக்கு அந்தக் கையைத் தவிர வேறு எதையும் என்னால் பார்க்க முடியவில்லை. நாளைக்கு அவர் ஒரு தும்மல் தும்மினாலும் நான் எந்த மூலையைப் பார்ப்பேன் என்று நினைத்தேன். அடுத்த மாதமோ, பத்து வருஷம் கழித்தோ, எப்படியும் ஒரு நாள் வரத்தான் போகிறது. அன்றைக்கு ஊர் சொல்வது இருக்கட்டும், ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. இவள் வேர்க்கிறது என்று தொட்டியை மாற்றினாள், புருஷன் போனான் என்று எனக்குள்ளேயே ஒருத்தி சொல்வாள். அவள் வாயை எதைக் கொண்டு மூடுவது?

"வேண்டாம்" என்றேன்.

"இன்னாக்கா?"

"வேண்டாம். கையில காசு சரியா இல்ல. அப்புறம் பாத்துக்கலாம்." காசு முடிச்சு என் இடுப்பில் செருகியிருந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள்.

பிளம்பருக்குக் காரணம் புரிந்துவிட்டது. அனுபவசாலி. "வாஸ்துதானேக்கா? அதுக்குப் போயி. ஒரு பூசணிக்கா ஒடச்சு, கற்பூரம் காட்டிட்டு ஆரம்பிச்சா ஒண்ணும் ஆவாது. எத்தினி வூட்ல பண்ணிக்கீறேன்."

"வேண்டாம்பா. அட்வான்ஸை நீங்களே வெச்சுக்குங்க" என்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டுச் சாமானைப் பையில் போட்டார். ஓரகத்தி எழுந்து என் கையைப் பிடித்தார். ஜெயித்தவர் பிடிக்கிற மாதிரி இல்லை, வழுக்குகிற இடத்தில் கூட வருகிறவர் பிடிப்பாரே, அப்படி. பிறகு சுவரைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கிப் போனார்.

மத்தியானம் சாப்பிட்ட பிறகு என் வீட்டுக்காரர் படுத்துக்கொண்டு, "நீயும் அதையெல்லாம் நம்புறியா?" என்று கேட்டார்.

"இல்ல" என்றேன்.

உண்மையைத்தான் சொன்னேன். நம்புகிறவளாக இருந்தால் எனக்கு வழி இருந்திருக்கும். பூசணிக்காய் உடைக்கலாம், ஹோமம் செய்யலாம், கோயிலுக்கு நேர்ந்துகொள்ளலாம். பரிகாரம் ஆயிற்று என்று தொட்டியை நகர்த்திவிட்டு, ஏசியைப் போட்டுக்கொண்டு தூங்கலாம். நம்பாதவளுக்கு யார் பரிகாரம் சொல்வது? நம்பிக்கை இல்லாமல் பயம் மட்டும் தனியாக வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அவர் தூங்கிப்போனார். மணி இரண்டாகியிருந்தது, மேலே முதல் பேனலில் நிழல் ஏறியிருக்கும். ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஏசி ரிமோட் கைக்கு எட்டும் தூரத்தில்தான் கிடந்தது. அதை எடுக்கவில்லை. அவர் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு, கடைக் குளிருக்குப் போகிற புதன்கிழமைக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.